விழுந்த ஆட்டக்காரனுக்கு யார் பொறுப்பு?

மாரிஸ் ஸ்டோக்ஸ் என்ற பெயரை நம் தேசத்தில் கூடைப்பந்து ஆடுகிறவர்களிலேயே பலர் கேட்டிருக்கமாட்டார்கள். அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடப்படும் கூடைப்பந்து இன்றுள்ள ஐசுவரியத்தை அடைவதற்கு வெகுகாலம் முன்னே, 1955 முதல் 1958 வரை மூன்றே பருவங்கள் ஆடி, அந்த மூன்று பருவங்களுக்குள்ளாகவே தம் காலத்து வீரர்களின் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டு, இருபத்து நான்காம் பிராயத்தில் ஒருநாள் தளத்தில் தலை மோதி விழுந்ததன் பயனாக, பிறகு ஜீவித்த பன்னிரண்டு ஆண்டுகளையும் வைத்தியசாலையிலேயே கழித்துவிட்டுப் போனவர் அவர். ஜவ்வாது மலையின் மேலிருந்துகொண்டு அந்த மனிதருடைய விருத்தாந்தத்தைத் தமிழ் வாசகர்களுக்குச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. இந்த மலைப் பிள்ளைகளை ஆடுகளத்துக்கு அழைத்துவர வேண்டும், அவர்களுக்குள் மறைந்து கிடக்கும் சாமர்த்தியத்தை உலகம் அறியச் செய்ய வேண்டும் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. நானும் அப்படி விரும்புகிறவன்தான். அழைத்துவந்த பிள்ளை களத்தில் விழுந்தால் ஏந்திக்கொள்வது யார் என்பதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஸ்டோக்ஸ் 1933ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் தேதி, பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகரத்தை அடுத்த ராங்கின் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் எஃகாலைத் தொழிலாளி; தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பெரிய கலாசாலைகளின் கதவு தாராளமாகத் திறக்காத அந்நாளில், லொரெட்டோ என்ற சிற்றூரில் பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்திவந்த செயின்ட் பிரான்சிஸ் கல்லூரியில் அவர் சேர்ந்தார். 1955இல் நியூயார்க் நகரில் நடந்த தேசிய அழைப்புப் போட்டியில், பெயர் தெரியாத அந்தச் சிறிய கல்லூரியை நான்காம் இடம்வரை கொண்டுபோய் நிறுத்தியபோது, வெற்றிக் கோப்பை வேறொரு கல்லூரிக்குப் போயிற்றென்றாலும், போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்ற கீர்த்தி இவரையே வந்தடைந்தது. அதே ஆண்டில் ராச்சஸ்டர் ராயல்ஸ் என்ற அணி அவரை எடுத்துக்கொண்டது. சம்பளத்துக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே 32 புள்ளிகள் எடுத்து, 20 ரீபவுண்ட் பிடித்து, கூட்டாளிகள் கூடையிலிட எட்டுமுறை பந்து வகைசெய்து கொடுத்தார் என்றால், கூடைப்பந்து தெரிந்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆறடி ஏழங்குல உயரமும் அதற்கேற்ற பலமும் உடைய ஒருவரை அந்நாளில் கூடையடியில் நிறுத்திவைத்து, தவறி வரும் பந்தை, அதாவது ரீபவுண்டை, பறித்துச் சிறிய ஆட்டக்காரர் கையில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கச் சொல்லுவார்கள். ஸ்டோக்ஸோ பறித்த பந்தைத் தாமே தட்டிக்கொண்டு தளத்தின் மறுகோடிவரை விரைந்து, எதிரிகள் தம்மைச் சூழ்ந்த கணத்தில், ஆளில்லாத இடத்தில் நிற்கும் சகாவின் கைக்கு அதை அனுப்பிவிடுவார். உயரமானவனின் வேலையையும் குள்ளமானவனின் வேலையையும் ஒரே சரீரம் செய்யக்கூடும் என்று காட்டிய ஆட்டம் அது. இன்று உலகமெங்கும் பெரிய ஆட்டக்காரர்களிடம் எதிர்பார்க்கப்படுவதும் அதுதான். முதலாண்டின் சிறந்த புதுமுக வீரர் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் 1,256 ரீபவுண்டுகள் பிடித்து அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். மூன்றாம் ஆண்டில் அணி சின்சினாட்டி நகருக்குக் குடிபெயர்ந்தது. மூன்று ஆண்டுகளும் நட்சத்திர ஆட்டக்காரர்களின் வரிசையில் அவர் பெயர் இருந்தது.

ஸ்டோக்ஸ் ஆடிய கூடைப்பந்துச் சங்கத்தில் அப்போது இருந்தவை எட்டே அணிகள். கறுப்பினத்தவர் ஒருவர் அந்தச் சங்கத்தின் ஆட்டமொன்றில் முதன்முதலாகக் காலெடுத்து வைத்ததே 1950ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதிதான். ஏர்ல் லாயிட் என்பவர் அந்தப் பெருமைக்குரியவர். ஆட்டக்காரர்களுக்கு இருந்தது ஆண்டு ஒப்பந்தம் ஒன்றே. ஓய்வூதியமோ, அங்கஹீனம் ஏற்பட்டால் ஜீவனத்துக்கு வழியோ கிடையாது. கோடைக்காலத்தில் வேறு வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் பலர்.

1958ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் தேதி, மினியாபொலிஸ் நகரில், அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். கூடையை நோக்கிப் பாய்ந்த ஸ்டோக்ஸ், எதிரணியின் ஆட்டக்காரர் ஒருவரோடு மோதி நிலைதவறித் தலை தளத்தில் இடிக்க விழுந்தார். சில நிமிஷங்கள் ஸ்மரணை இல்லை. மூக்கில் உப்புக்குப்பியை வைத்து மூர்ச்சை தெளிவித்தார்கள். தெளிந்ததும் எழுந்து மறுபடி ஆடினார். வைத்தியசாலைக்கு ஒருவரும் அழைத்துப் போகவில்லை. யாரையும் கொடியவர் என்று சொல்வதற்கில்லை; அந்நாளைய வழக்கம் அது. ஆட்டக்காரன் எழுந்து நின்றுவிட்டால் அவன் சுகமாயிருக்கிறான் என்றே எல்லோரும் கொண்டார்கள், அவனும் அப்படியே கொண்டான். மூன்று நாள் கழித்து டெட்ராய்ட் நகரில் அடுத்த சுற்றுப் போட்டியிலும் ஆடி, 12 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் சேர்த்தார். திரும்பி வரும் விமானத்தில் உடம்பு கொதித்தது, வலிப்புக் கண்டது, இறங்கியதும் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டபோது நினைவு முற்றிலும் போயிருந்தது. வாரங்கள் சென்று நினைவு மீண்டது. ஆனால் அங்கங்களை இயக்கும் மூளைப்பகுதி பழுதுபட்டுப் போயிருந்தமையால், எல்லாவற்றையும் அறியும் புத்தி தெளிவாக உள்ளேயிருக்க, விரலை அசைக்கவும் நாவைப் புரட்டவும் இயலாத நிலையில் அவர் கிடந்தார்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 1,00,000 டாலர் வைத்தியச் செலவு. அணி அந்தச் சுமையை ஏற்கவில்லை. பெற்றோர் தொலைவில் இருந்த ஏழைகள். வங்கியில் அவர் பெயரில் இருந்த பணத்தை எடுக்கக்கூட அவரால் கையெழுத்திட முடியாது. அப்போது சின்சினாட்டியிலேயே குடியிருந்த சக ஆட்டக்காரர் ஜாக் ட்வைமன், இருபத்து மூன்று வயது இளைஞர், மணமானவர், வெள்ளையர், நீதிமன்றத்தின் அனுமதியோடு ஸ்டோக்ஸுக்குச் சட்டபூர்வமான பாதுகாவலர் ஆனார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே உணவுவிடுதியில் உட்கார்ந்து சாப்பிட முடியாத ஊர்கள் அந்நாட்டில் ஏராளமாக இருந்த காலத்தில், ஒரு வெள்ளை இளைஞர் ஒரு கறுப்பு இளைஞரின் ஜீவனத்துக்கு ஈடுகொடுத்து நின்றது சாமானியமான செயலன்று. எழுத்துக்களை ஒவ்வொன்றாக ட்வைமன் சொல்லிக்கொண்டே போக, வேண்டிய எழுத்து வரும்போது ஸ்டோக்ஸ் கண் இமைப்பார். அப்படி எழுத்துக் கூட்டி வார்த்தையும், வார்த்தை கூட்டி வாக்கியமும் ஆயிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல, இடையறாத பிரயாசையால் சிறிது பேசவும், தட்டச்சு செய்யவும், சித்திரம் தீட்டவும் ஸ்டோக்ஸ் கற்றுக்கொண்டார். கோடைதோறும் நியூயார்க் மாநிலத்து மலைப்பகுதியில் கட்ஷர் என்பவருடைய விடுதியில் நடந்த உதவி ஆட்டத்தில், பேர்போன வீரர்கள் கூலி வாங்காமல் வந்து ஆடி அவருக்காகப் பணம் திரட்டினார்கள். இந்தப் பாரத்தையெல்லாம் சுமந்துகொண்டே ட்வைமன் 1959-60ஆம் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 31.2 புள்ளிகள் எடுத்தார் என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1970ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் தேதி, முப்பத்தாறாம் வயதில், ஸ்டோக்ஸ் மாரடைப்பால் காலமானார். 2004இல் அவர் பெயர் கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் ஏறியபோது, அவருக்குப் பதிலாக அந்தக் கௌரவத்தைப் பெற்றுக்கொண்டவரும் ட்வைமனே.

இந்தச் சிநேகத்தின் பெருமையை அமெரிக்கர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். திரைப்படம் எடுத்திருக்கிறார்கள், சிறந்த அணித்தோழருக்கு ஆண்டுதோறும் வழங்கும் விருதுக்கு 2013 முதல் இவ்விருவர் பெயரையும் வைத்திருக்கிறார்கள். என் மனத்தை அதிகமாகப் பற்றிக்கொண்டது வேறொரு செயல். ட்வைமன் நண்பர்களிடம் கையேந்தியதோடு நில்லாமல், ஸ்டோக்ஸ் வேலை செய்யும்போது காயமுற்ற ஒரு தொழிலாளி, ஆகையால் ஓஹையோ மாநிலத்துத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி அவருக்கு உரியதைக் கொடுக்கவேண்டும் என்று வழக்காடி அந்த உரிமையைப் பெற்றுத் தந்தார். சுரங்கத்தில் கையிழந்தவனும் ஆலையில் காலிழந்தவனும் எந்த வரிசையில் நிற்கிறார்களோ, அதே வரிசையில் ஆடுகளத்தில் அங்கம் இழந்தவனையும் கொண்டுபோய் நிறுத்திய அந்தக் காரியத்தை, கண்ணிமைப்பால் எழுத்துக் கூட்டிய பொறுமையைக் காட்டிலும் உயர்ந்ததாகவே நான் கருதுகிறேன். ட்வைமனைப் போன்ற தோழன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சட்டமோ, தோழனில்லாதவனுக்கும் உதவக்கூடியது.

ஆட்டக்காரர்களும் இதை உணர்ந்தார்கள். 1964ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14ஆம் தேதி பாஸ்டன் நகரில், தேசமெங்கும் தொலைக்காட்சியில் காட்டப்பட இருந்த நட்சத்திர ஆட்டத்துக்குச் சற்று முன், டாம் ஹைன்சன் என்பவர் தலைமையில், ஓய்வூதியத் திட்டத்துக்கு உறுதிமொழி தந்தாலொழியத் தளத்தில் இறங்குவதில்லை என்று உடைமாற்றும் அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அணி முதலாளி ஒருவர் தம் ஆட்டக்காரர்களை மிரட்டி ஆளனுப்பியும் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் சங்கத் தலைவர் வால்டர் கென்னடி வாக்குக் கொடுத்த பிறகே ஆட்டம் தொடங்கிற்று.

நம் நாட்டு நிலைமை வேறு. கூடைப்பந்து இங்கே தொழிலாக வளரவில்லை. கல்வியோடு சேர்ந்து வந்தது. அமெரிக்காவில் 1891இல் இந்த ஆட்டம் பிறந்த ஸ்பிரிங்பீல்டு கல்லூரியிலேயே பயின்ற ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்வி நிலையத்தைத் தொடங்கி, 1943இல் காலமாகும்வரை இங்கேயே உழைத்து, தென்னாட்டுப் பள்ளிகளுக்கெல்லாம் உடற்பயிற்சி ஆசிரியர்களைத் தயார் செய்து அனுப்பினார். ஆடத் தெரிந்தவனுக்குச் சோறு போட்டது ரயில்வேயும் ராணுவமும் போலீஸும் வங்கிகளும்தான். பீட்டர் தங்கராஜை எடுத்துக்கொள்ளுங்கள். செகந்தராபாத்தில் கால்பந்து பழகி, நீலகிரியில் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, 1955இலும் 1958இலும் டூரண்டு கோப்பையை வென்ற அந்த அணியின் இலக்குக் காவலராகப் பெயரெடுத்து, இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களும் 1962ஆம் ஆண்டின் ஆசியத் தங்கமும் கண்ட அவர், சிப்பாயாகச் சம்பளம் வாங்கியவர். ஸ்டோக்ஸுக்கு நேர்ந்தது, ராணுவத்திலோ பெரம்பூர் ரயில்வேயிலோ உத்தியோகத்தில் இருந்த ஆட்டக்காரனுக்கு நேர்ந்திருந்தால், மருத்துவமனையில் படுக்கையும், சேமநிதியும், ஓய்வூதியமும் அவன் உரிமையாகவே கிடைத்திருக்கும். தொழில்முறை ஆட்டம் இல்லாத நாடு என்று நம்மைத் தாழ்த்திச் சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கியிருப்பதையும், நலிந்த முன்னாள் வீரர்களுக்கு மாத உதவித்தொகை வழங்குவதையும் அந்தப் பரம்பரையின் தொடர்ச்சியாகவே நான் மதிக்கிறேன்.

ஆயினும் இந்தப் பாதுகாப்பெல்லாம் மேலேறி முடித்தவனுக்கு உரியது. ஏறும் வழியில் விழுகிறவனுக்கு எஜமானும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஓஹையோவில் ட்வைமன் வழக்காட முடிந்ததற்குக் காரணம், ஸ்டோக்ஸுக்குச் சம்பளம் கொடுத்த ஒருவன் இருந்தான் என்பதே. நம் நாட்டிலும் 1923ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்துவிட்டது. பள்ளிக்காக ஆடும் பிள்ளை எவருக்குத் தொழிலாளி என்று அதன்கீழ் வழக்குத் தொடுப்பது?

ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் நான் கண்டதை இங்கே சொல்லவேண்டும். மைதானம் என்பது சரிவில் வெட்டிய ஒரு திட்டு. மேல்பக்கம் பாறை, கீழ்ப்பக்கம் சாமை விளையும் கொல்லை, பந்து உருண்டால் கொல்லைக்குள் போய்த்தான் நிற்கும். பெண் பிள்ளைகள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். கோட்டைத் தொட எட்டிப் பாய்ந்த ஒரு பெண்ணை மூன்று பேர் சேர்ந்து பிடித்திழுத்ததில், அவள் பின்மண்டை இறுகிய தரையில் மோதிற்று. கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை ஒன்றிலும் நிற்கவில்லை. ஆசிரியர் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்து, புருவத்தருகே சிராய்ப்பில் கசிந்த ரத்தத்தின்மேல் காப்பித்தூளை அப்பி, "ஒண்ணுமில்லம்மா, எழுந்திரு" என்றார். அவள் எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "ஆடுறேன் சார்" என்றாள், ஆடவும் செய்தாள். அவளுக்குத் தெய்வாதீனமாக ஒரு தீங்கும் வரவில்லை. அந்த ஆசிரியர் பிள்ளைகளிடம் மிகுந்த வாத்சல்யம் உடையவர். தம் கைக்காசில் பந்து வாங்கிக் கொடுப்பவர். தலையில் அடிபட்ட பிள்ளையை என்ன செய்யவேண்டும் என்று அவருக்கு எவரும் எடுத்துச் சொன்னதில்லை.

இந்த மலையில் அந்த அறியாமைக்கு விலை அதிகம். இங்கிருந்து போளூருக்கு இறங்குவதே 40 கிலோமீட்டர் அளவு மலைப்பாதை. தலையைப் படமெடுத்துப் பார்க்கவேண்டுமானால் திருப்பத்தூருக்கோ, திருவண்ணாமலைக்கோ, வேலூருக்கோ போகவேண்டும். சாமையும் புளியும் தேனும் விற்றும், திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கூலிக்குப் போயும் பிழைக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வைத்தியசாலை வாசலில் காத்திருப்பது எளிதன்று. சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அது பெரிய உபகாரம். ஆனால் சிகிச்சை முடிந்து, நடக்க முடியாத பிள்ளையாக வீடு திரும்பினால், அதன் பின்னர் வரும் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை.

சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊராராயினும், எந்த மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சையைத் தானே ஏற்பது என்று 2021இல் தமிழ்நாட்டு அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அடிபட்டவன் யார், குற்றம் யாருடையது என்ற விசாரணை எதுவும் முன்னே வராமல், உயிரைக் காப்பதே முதற்காரியம் என்று கொண்ட அந்த எண்ணம் மிகச் சிறந்தது. அதே எண்ணத்தை மைதானத்துக்கும் நீட்டவேண்டும் என்பதே என் வேண்டுகோள். பள்ளியின் பெயராலோ, மாவட்டத்தின் பெயராலோ, மாநிலத்தின் பெயராலோ களத்தில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளையும், இறங்கிய கணத்திலிருந்து, பெற்றோர் மனுப்போடாமலே, தவணை கட்டாமலே, விபத்துக் காப்பீட்டுக்குள் வந்துவிடவேண்டும். அந்தக் காப்பீடு வைத்தியச் செலவோடு முடியாமல், நிரந்தர அங்கஹீனம் ஏற்பட்டால் ஆயுள் முழுவதும் மாதந்தோறும் ஒரு தொகை தருவதாக இருக்கவேண்டும். இதோடு பணச்செலவில்லாத விதி ஒன்றும் தேவை. தலையில் அடிபட்டு ஒரு நிமிஷமேனும் தடுமாறிய பிள்ளை, தானே ஆடுகிறேன் என்று கெஞ்சினாலும், அன்றைக்கு மறுபடி களத்தில் இறங்கக்கூடாது. மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகே இறங்கலாம். மினியாபொலிஸில் அந்த இரவு இப்படியொரு விதி இருந்திருந்தால் ஸ்டோக்ஸின் கதி மாறியிருக்குமா என்பதை மருத்துவர்கள்தான் சொல்லவேண்டும். அடிபட்ட மூளைக்கு ஓய்வு வேண்டும் என்பதிலும், அது தேறுமுன் விழும் இரண்டாவது அடி முதலாவதைவிடக் கொடியதாக முடியக்கூடும் என்பதிலும் இன்றைய வைத்திய சாஸ்திரத்தில் அபிப்பிராய பேதம் இல்லை.

கிராமத்துப் பிள்ளைகள் விழுந்து எழுந்துதான் வளர்வார்கள், இப்படியெல்லாம் விதி வைத்தால் ஆட்டமே நின்றுபோகும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அறிந்தவரையில் இந்த மலையில் ஆட்டத்தை நிறுத்துவது பெற்றோரின் பயமே. பெண்ணுக்குக் கைகால் போனால் யார் பொறுப்பு என்று கேட்கும் தாய்க்கு இன்று எந்த ஆசிரியராலும் விடை சொல்ல முடிவதில்லை. ஆகவே ஏழாம் வகுப்பில் மான்போல ஓடிய பெண் ஒன்பதாம் வகுப்பில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நிற்கிறாள். பொறுப்பு அரசினுடையது என்று எழுத்தில் காட்ட முடியுமானால், அந்தத் தாயின் மறுப்பில் பாதி அன்றே கரைந்துவிடும்.

பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள் நடத்துகிறது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் வயதும் வகுப்பும் அப்போதே பதிவாகிவிடுகின்றன. அந்தப் பதிவையே காப்பீட்டுப் பதிவாகவும் கொள்வது என்றும், தலைக்காயம் பற்றிய அரைநாள் பயிற்சியை மலைப்பள்ளிகளின் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கு முதலில் அளிப்பது என்றும் ஓர் அரசாணை பிறப்பித்தால் போதும். அடுத்த ஆண்டுக் குறுவட்டப் போட்டிகளுக்கு முன்னதாகவே, ஜவ்வாது மலை ஒன்றியத்திலிருந்தே, இதைத் தொடங்கிவிடலாம்.